பித்தம் தெளிய நாலு டப்பா

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. செருப்பைக் கழட்டிட்டு உக்காருலே. போலந்துல வாங்குனாலும் அது செருப்புதான்.

நம்ம ஊருக்குச் சீமைச் சாமான் வாரது ஒண்ணும் புதுசில்ல. அந்தக் காலத்துல சிங்கப்பூர்க்காரன் கோடாலித் தைலம் கொண்டாந்தான். தலைவலி இல்லாதவனும் தடவிக்கிட்டுத் திரிஞ்சான், வாசனைக்காக. பெறகு துபாய்க்காரன் செண்டும் டார்ச்சு லைட்டும் கொண்டாந்தான். நீ ரெண்டு வருசமா கிராக்கோவுல குளிர்ல வெறைச்சு, கிடங்குல பெட்டி தூக்கிட்டு வந்திருக்க. ஒம் பாட்டிக்கு ஒரு கம்பளி கொண்டாந்திருக்கலாம். இல்லன்னா எனக்கு ஒரு நல்ல சவரக்கத்தி. நீ கொண்டாந்தது பித்த மாத்திரை, அதுவும் நாலு டப்பா. கேட்டா, "அங்க மருந்துக் கடையில டாக்டர் சீட்டு இல்லாமலே குடுக்கான் தாத்தா, நான் தின்னேன், எனக்குக் கேட்டுது"ங்க.

ஒனக்குக் கேட்டுதுன்னா கேட்டுதுதான். ரெண்டு மாசமா பன்னிக் கொழுப்பை ரொட்டியில தடவித் தின்னவனுக்கு, அதை நிறுத்துன மறுநாளே எந்த மாத்திரையும் கேக்கும்.

நீ வந்தது முந்தாநாளு. அதுக்குள்ள தெருவுல பாதிப் பேருக்குப் பித்தம்னு கண்டுபிடிச்சிட்ட. டீக்கடைக்காரருக்குக் காலையில எந்திரிச்சா கிறுகிறுப்பு, அவருக்கு ஒரு அட்டை. ராத்திரி என்ன குடிச்சீருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அட்டை மிச்சம். மேலவீட்டுக்காரிக்குக் குதிங்கால்ல பித்தவெடிப்பு, அவளுக்கு ஒரு அட்டை. தபால்காரர் மகனுக்கு இருவத்தஞ்சு வயசுலயே பித்தநரை, பொண்ணு வீட்டுக்காரங்க வேற வாராங்க, அவனுக்கு ரெண்டு அட்டை. நெஞ்சுல வால்வு மாத்துன ரிட்டயர்டு வாத்தியாரு பசிக்கலைன்னாரு, அவருக்கு ஒண்ணு. கடைசியா எம் மக, ஒங்க அத்தை, பித்தப்பையில கல்லோட ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்துக் கிடக்கா. அவளுக்கு முழு டப்பா. தாராளந்தான்லே ஒனக்கு. கர்ணன்கூட எதிராளிக்கு இன்னது வேணும்னு தெரிஞ்சுதான் குடுத்தான்.

ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. நம்ம ஊர்ல ஆறு சுப்பையா இருக்கான். ஒரு சுப்பையா வாங்குன கடனை இன்னொரு சுப்பையாகிட்டப் போயிக் கேக்க முடியுமா? பித்தமும் அப்படித்தான். நரைச்சா பித்தம், வெடிச்சா பித்தம், மயங்குனா பித்தம், கிறுக்குப் பிடிச்சா அதுக்குப் பேரே பித்து. சித்த வைத்தியர் நாடி பிடிச்சுச் சொல்லுத பித்தம் இன்னொரு கணக்கு, அதுக்கு அவரு வேற ஏடு வச்சிருக்காரு. இதுல எதுலயும் சேராம, ஈரல் ஊறவைக்கிற மஞ்சப்பச்சைத் தண்ணி ஒண்ணு இருக்கு பாரு, அந்தச் சுப்பையாவுக்கு மட்டுந்தான் ஒன் மாத்திரை. நீ மத்த அஞ்சு சுப்பையா வீட்டுக் கதவையும் தட்டிட்டு வந்திருக்க.

நேத்து அட்டையை நீட்டுனியே, கண்ணாடியை மாட்டிப் பாத்தேன். மத்ததெல்லாம் அவன் ஊரு பாஷை, எழுத்துக்குக் கீழ வாலு முளைச்சுக் கிடக்கு. ஒரு பேரு மட்டும் புரிஞ்சுது. ஹைமெக்ரோமோன், 200 மில்லிகிராம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நீ சீமையில இருந்து விமானத்துல ஏத்திக் கொண்டாந்தவனை, நான் முப்பத்துநாலு வருசமா காலேஜு லேப்புல கழுவி வச்சிருக்கேன்லே.

நான் எட்டாங்கிளாஸுதான். ஆனா எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பாதி பிராக்டிகல் அட்டெண்டர் கையிலதான் நடக்கும், அது எல்லாக் காலேஜுலயும் உள்ள ரகசியம். பெக்மான் வினைன்னு ஒண்ணு வரும். ரிசார்சினாலு, எத்தில் அசிட்டோஅசிடேட்டு, ரெண்டையும் அடர் கந்தக அமிலத்துல சேக்கணும். பீக்கரை ஐஸுக்குள்ள புதைச்சு வச்சு, சொட்டு சொட்டா விடணும். மருமகளுக்கு மாமியா நகை குடுக்குத மாதிரி, மனசில்லாம விடணும். அவசரப்பட்டுச் சாச்சிட்டா சூடேறிப் போயி கருப்பட்டிப் பாகு மாதிரி ஆயிரும். சரியா செஞ்சு, பொறவு நொறுக்குன ஐஸுல ஊத்துனா, மோருல வெண்ணெய் திரளுத மாதிரி வெள்ளையா திரண்டு வரும். வடிகட்டி, எத்தில் ஆல்கஹால்ல கரைச்சு ஆறவிட்டா ஊசி ஊசியா படிகம். ஆல்கஹால் அலமாரிச் சாவி எங்கிட்டத்தான் இருந்துது. அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்.

அந்தப் படிகத்துக்கு லேப்புல பேரு 7-ஹைட்ராக்சி-4-மெத்தில் கூமரின். 4-மெத்தில் அம்பெல்லிபெரோன்னும் சொல்லுவாங்க. உருகுநிலை 190 டிகிரியை ஒட்டி வரணும். பத்து டிகிரி முன்னாடியே உருகுனா அழுக்கு இருக்குன்னு அர்த்தம், மார்க்குப் போச்சு. தண்ணியில போட்டா கரைய மாட்டேன்னு அடியில போயி உக்காந்துக்கிடும். ஒரு சொட்டுக் காரத்தை விட்டா கரைஞ்சிரும். அந்த நேரம் ஜன்னலைச் சாத்திட்டுப் புற ஊதா விளக்கைப் போடுவோம் பாரு, அடேயப்பா! பீக்கர் முழுக்க நீலமா எரியும். எத்தனை வருசம் பாத்தாலும் எனக்கு அலுக்கல. மொதத் தடவ பாக்குத பிள்ளைகள்லாம் "ஓ"ன்னு சத்தம் போடும். ஒரு வருசம் எங் காக்கிச் சட்டைக் கையில கொட்டிட்டேன். துவைச்சும் போகாம, அந்த விளக்குக்குப் போறப்பல்லாம் முழங்கை மட்டும் சாமி வந்த மாதிரி ஜொலிச்சுது.

ஒரு நாளு புரபசர் சொன்னாரு, "இதை ஐரோப்பாவுல மாத்திரையா விக்கான்யா, பித்தநீர் ஓடுறதுக்கு. பேரு ஹைமெக்ரோமோன்." எனக்கு நம்பிக்கை வரல. பிள்ளைக தொட்டிக்கு அடியில கொட்டிட்டுப் போறதை மூணு வேளையும் மனுசன் திங்கானாக்கும்னு நெனைச்சேன். இப்ப நீ கொண்டாந்து காட்டிட்ட. புரபசர் மேல சந்தேகப்பட்டதுக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுக்கிட்டேன்.

பெக்மான்ங்கிறவரு ஜெர்மன்காரரு. 1883-ல டுயிஸ்பெர்க்ங்கிற தன் கூட்டாளிப் பையனோட சேந்து இந்த வழியைக் கண்டாரு. அந்தப் பையன்தான் பின்னாடி பேயர் கம்பெனியவே கட்டி ஆண்டது. பெக்மான் இன்னொரு சோலியும் பாத்திருக்காரு. 1898-ல வேற எதையோ செய்யப் போயி, பாத்திரத்துல மெழுகு மாதிரி வெள்ளையா ஒண்ணு ஒட்டிக் கிடந்துதாம். அதுதான் பின்னாடி பாலித்தீன்னு ஊரையே மூடுனது. ஆக, நீ கொண்டாந்த மாத்திரையும் அதைப் போட்டுக் கொண்டாந்த பையும் ஒரே ஆளு கைப்பட்டதுலே. பை மட்டும் மக்கவே மக்காது.

சரி, இவன் வம்சம் என்னன்னு பாப்போம். பொண்ணு குடுக்கப் போறவன் மூணு தலைமுறை விசாரிக்கான். வயித்துக்குள்ள அனுப்புதவன் ஒரு தலைமுறையாவது விசாரிக்க வேண்டாமா?

தாய்வழியில பாத்தா நம்ம அடுப்படிதான். அம்பெல்லான்னா குடை. குடை விரிச்ச மாதிரி பூக்குத செடிக் கூட்டம் ஒண்ணு இருக்கு. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட்டு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகதான். பெருங்காயமும் அதே வீடு. பெருங்காயப் பிசினைத் தண்ணியில்லாமச் சூடாக்கி வடிச்சா அம்பெல்லிபெரோன் வரும். அதுல ஒரு மெத்தில் ஒட்டுப் போட்டா ஒம் மாத்திரை. அதனால, "பெருங்காயத்துப் பேரன்தானே, என்ன செஞ்சிரப் போறான்"னு தோணும். தோணட்டும்.

சித்தப்பன் வழி வேற மாதிரி. 1920கள்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் மாடுக காரணம் தெரியாமச் செத்துச்சு. கொம்பை அறுத்தா ரத்தம் நிக்காது, சின்னக் காயத்துலயே முடிஞ்சு போகும். கடைசியில பாத்தா, குளோவர்னு ஒரு தீவனப் பயிரு. அது மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்கு, அந்த வைக்கோலைத் தின்ன மாடுதான் சாவுது. 1933 பிப்ரவரியில விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு சம்சாரி, செத்த கெடேரியையும் உறையாத ரத்தம் ஒரு பால் கேன் நெறையவும் வண்டியில ஏத்திக்கிட்டு, பனிப்புயலுக்குள்ள ஓட்டிப் போயி கார்ல் லிங்க்ங்கிற விஞ்ஞானியோட ஆய்வுக்கூடத்து வாசல்ல நின்னாரு. சம்சாரின்னா அவந்தாம்லே. மழை இல்ல, விலை இல்லன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்ன எனக்கு அந்த ஆளைத் தெரியும், பாக்காமலேயே தெரியும். அந்தக் கேன் ரத்தத்துல இருந்து நூலு பிடிச்சுப் போயி, வைக்கோலுக்குள்ள இருந்த கூமரின் வம்சத்து விஷத்தைக் கண்டாங்க. அதுல இருந்துதான் வார்ஃபரின் வந்துது. 1948-ல எலி மருந்தா வித்தான். ஆறு வருசத்துல மனுசனுக்கு ரத்தக்கட்டி வராம இருக்க மருந்தாயிட்டு.

பயந்துராத, ஒம் மாத்திரை எலி மருந்து இல்ல. நாலாவது இடத்துல ஹைட்ராக்சில் உக்காந்தவன்தான் ரத்தத்தை இளக்குதான். நம்மாளுக்கு நாலாவது இடத்துல மெத்தில், ஹைட்ராக்சில் ஏழாவது இடத்துல. வீடு ஒண்ணுதான், ஆனா உக்காந்த திண்ணை வேற, அதனால தொழிலும் வேற. இவனைத் தனியா தின்னா ரத்தம் இளகாது. ஆனா அந்த வால்வு மாத்துன வாத்தியாரு தெனமும் திங்காரே, அது சித்தப்பன் வீட்டுச் சரக்கு. ரெண்டையும் சேத்துத் தின்னா சித்தப்பன் கை ஓங்கும்னு மருந்தோட வார காகிதத்துலயே எச்சரிச்சிருக்கான். நீ வாத்தியாருக்கு மாத்திரையைக் குடுத்த. காகிதத்தை என்ன பண்ணுன? டப்பாவுக்கு இடம் போதலைன்னு விமான நிலையத்துல கிழிச்சுப் போட்டுட்டேன்னு உன் வாயாலயே சொன்ன. நல்லா இருக்கு. பொண்ணை விட்டுட்டுச் சீதனத்தை மட்டும் ஏத்திட்டு வந்த கதை.

இனி இவன் பாக்குத வேலையைச் சொல்லுதேன். நம்ம கம்மாய்க் கணக்குலயே கேளு.

ஈரல்ங்கிறது ஊத்து. ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் ஊறிக்கிட்டே இருக்கும், நீ போலந்துல இருந்தாலும் சரி, பொட்டல்புதூர்ல இருந்தாலும் சரி. பித்தப்பைங்கிறது பக்கத்துல வெட்டுன குட்டை. நிறைஞ்சா ஒரு சின்னச் சங்கு, ரெண்டு சங்கு, அம்புட்டுத்தான் பிடிக்கும். ஆனா தண்ணியைச் சுண்டவச்சுக் கெட்டியாக்கி வச்சிருக்கும். நெய்யோ கறியோ உள்ள போச்சுன்னா, குடல் தாக்கல் அனுப்பும், குட்டை சுருங்கும், வாய்க்கால் வழியா சாறு குடலுக்குப் பாயும். அந்த வாய்க்கால் குடல்ல சேருத இடத்துல ஒரு மடை இருக்கு, சதையால ஆன மடை. இத்தாலியில ஒட்டின்னு ஒரு படிக்கிற பையன் 1887-ல அதை ஆராஞ்சு எழுதுனான், அவன் பேருதான் அதுக்கு. அப்ப அவனுக்கு இருவத்திமூணு வயசு. ஒனக்கு இருவத்தேழு. நான் ஒண்ணும் சொல்லல.

சில பேருக்கு அந்த மடை வீம்பு பிடிச்சு இறுக்கிக்கிடும். தண்ணி தேங்கும். வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுக்கும், சாப்பிட்ட உடனே வயிறு கனக்கும், குமட்டும். ஹைமெக்ரோமோன் அங்கதான் கை வைக்கும். ஊத்துல கொஞ்சம் கூடச் சுரக்க வைக்கும், மடையை இளக்கி விடும். குடலோட மத்த அசைவுல பெருசா தலையிடாம, மடையைப் பாத்துப் பிடிக்கும்ங்கிறது இதோட தனிக் குணம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி, ஒண்ணு இல்லன்னா ரெண்டு, நாளைக்கு மூணு தரம். பிரான்சுல 400 மில்லிகிராமாவே விக்கான். அரை நூத்தாண்டுக்கு மேலயே ஐரோப்பாவுல இதைத் திங்காங்க. அமெரிக்காக்காரன் மட்டும் இதை மருந்துன்னு ஏத்துக்கிடல.

இந்த மடை இளக்குத வேலையை நம்ம ஊருல வேற எது செய்யும்னு கேக்க நினைக்க, கேக்காத. கீழாநெல்லிக்கும் இதுக்கும் பாட்டி ஒரு பட்டிமன்றம் நடத்துவா, பொழுது விடிஞ்சிரும்.

இதோட சாதுத்தனத்தையும் சொல்லிப்போடணும், இல்லன்னா ஒருதலைப் பஞ்சாயத்து ஆயிரும். வாயில போட்டது குடலையும் ஈரலையும் தாண்டுறதுக்குள்ள, அங்க உள்ள ஆளுக சக்கரைச் சாதி அமிலம் ஒண்ணை முதுகுல கட்டி வெளிய அனுப்பிருவாங்க. நூறு பங்கு தின்னா மூணு பங்குகூட முழுசா ரத்தத்துல போயிச் சேராது. சேந்ததும் ஒரு மணி நேரத்துல பாதியாயிரும். தொண்ணூறு பங்குக்கு மேல சக்கரைக் கட்டோட ஒண்ணுக்குல போயிரும். ஊருக்குள்ள வந்து, வேலையை முடிச்சு, கடைசி பஸ்ஸுக்குப் போயிருத ஆளு. ஈரல்லயே பாய் விரிச்சுப் படுத்துக்கிடுத மருந்தெல்லாம் இருக்கு, அதுகளோட பாத்தா இவன் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி மரியாதையானவன். வழக்கமா வாரது வயித்தால போறது, வயித்துப் பொருமல், தலைவலி. சில பேருக்குத் தடிப்பு, அரிப்பு. ரொம்ப நாளு விடாமத் தின்னா குடல் தோலு புண்ணாகலாம்னு எழுதியிருக்கான். அதனாலதான் குடல் புண்ணு, பெருங்குடல் அழற்சி உள்ளவனுக்கு வேண்டாம்ங்கான். ஈரலோ கிட்னியோ படுத்துட்டவனுக்கும், ரத்தம் உறையாத வியாதிக்காரனுக்கும் ஆகாது. பிள்ளைத்தாச்சிக்கு இதைக் குடுத்துப் பாத்த கணக்கு போதாதுன்னு ஒதுக்கி வச்சிருக்கான். வாந்திக்குப் போடுத மெட்டோகுளோபிரமைடோட சேத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிக்கும். மார்ஃபின் ஊசி போட்டவனுக்கு மடை இறுகும், இவன் இளக்குவான். ஒரே கதவை ரெண்டு பக்கமும் நின்னு தள்ளுத கதை.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். இனி ஒங்க அத்தை கதை.

மடையில கல்லு விழுந்து அடைச்சுக் கிடக்குன்னு வையி. அப்ப ஒரு கெட்டிக்காரன் வந்து, "தண்ணி போகலையா? மேல ஊத்தைப் பெருசா வெட்டி விடுதேன்"னா, ஊரு என்ன சொல்லும்? கரை உடையும்னு மம்பட்டியைப் பிடுங்கும். பித்தநீர்ப் பாதை அடைச்சிருந்தா இந்த மாத்திரை ஆகவே ஆகாதுங்கிறது மொத எச்சரிக்கை, காகிதத்துல தலைமாட்டுலயே இருக்கும். அத்தைக்குக் கல்லு இப்ப பைக்குள்ளதான் கிடக்கா, இல்ல வாய்க்கால்ல இறங்கிட்டான்னு ஸ்கேன் பாத்த டாக்டர்தான் சொல்லணும். திண்ணையில உக்காந்து நீயும் நானும் சொல்ல முடியாது. பைக்குள்ள சும்மா கிடக்கிற கல்லைப் பித்தநீரை ஓட வச்சு உருட்டி விட்டா, அது போயி மடையில குறுக்க படுத்துக்கிடாதுன்னு யாரு ஒனக்கு எழுதிக் குடுத்தது? படுத்துக்கிட்டா தெரியும். கண்ணு மஞ்சளாகும், ஒண்ணுக்கு டீத்தண்ணி மாதிரி போகும், வெளிக்கி வெள்ளைக் களிமண்ணு மாதிரி வெளுத்துப் போகும், குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். அன்னைக்கு மாத்திரையைத் தேடக்கூடாது, வண்டியைத் தேடணும்.

"கல்லைக் கரைக்கும்னு சொன்னாங்க தாத்தா"ங்க. எவன் சொன்னான்? கிடங்குல பக்கத்துப் பெட்டி தூக்குனவன். கல்லைக் கரைக்கப் பாக்குத மருந்து வேற, அதுக்குப் பேரு உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். உர்சுன்னா கரடி. கரடிப் பித்தத்துல கண்டது, இப்ப தொழிற்சாலையில செய்யுதான். அதுவும் கொழுப்புக் கல்லு, சின்னக் கல்லுன்னா மாசக்கணக்குல தின்னு பாக்கலாம், சுண்ணாம்பு ஏறுன கல்லைத் தொடாது. நீ கரடி வேலைக்குப் பெருங்காயத்துப் பேரனை அனுப்பியிருக்க.

கூடவே ஒரு சின்ன விசயம். ஒங்க அத்தைக்கு முட்டுவலின்னு போன வருசம் ஊசி போட்டாங்கல்லா, வழுவழுன்னு இருக்குமே. ஹயலுரோனிக் அமிலம்னு பேரு. மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி இருக்குத சரக்கு. சேவக்கொண்டையில இருந்துகூட எடுப்பான். கோழிக்குழம்பு வைக்கையில நீங்க வெட்டித் தூரப் போடுத கொண்டையிலதான்லே, ஆயிரக்கணக்குல விலை. 1995-ல ஜப்பான்ல ஹிரோசாக்கிக்காரங்க என்ன கண்டாங்கன்னா, நம்ம ஹைமெக்ரோமோன் இந்தச் சரக்கைச் செல்லு செய்ய விடாமத் தடுக்குதுன்னு. பித்தத்துக்கு வந்தவன் பின்வாசல்ல இன்னொரு சோலியும் பாத்திருக்கான், அதை யாருமே இத்தனை வருசம் கவனிக்கல. அதுல இருந்து உலகம் பூரா ஆராய்ச்சி. அந்தச் சரக்கு கூடிப்போனா சில புத்துநோயும் வீக்கமும் வளருது, அதைக் குறைச்சா நல்லதான்னு பாக்காங்க. சக்கரை வியாதி வரவேண்டிய சுண்டெலிக்கு நல்லது செஞ்சுதாம். ரத்தக்குழாய்ல கொழுப்பு படியுத சுண்டெலிக்கு அதே மருந்து படிவை வேகமாக்கிட்டாம். எலிக்கே தீர்ப்பு ரெண்டாக் கிடக்கு. மனுசன்ல, கலிபோர்னியாவுல, நல்ல உடம்போட இருந்த பதினெட்டுப் பேருக்கு நாலே நாளு, ஒரு நாளைக்கு 3600 மில்லிகிராம் வரைக்கும் ஏத்திப் பாத்தாங்க, பெரிய தொந்தரவு இல்ல. அது நாலு நாளு. நீ கொண்டாந்த டப்பாவுல எத்தனை நாளு மருந்து இருக்குன்னு எண்ணிப் பாத்தியா?

ஒங்க அத்தைக்கு முட்டி தேஞ்சிரும்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொன்னா நானும் ஒன் கிடங்குக் கூட்டாளி சாதிதான். ஒரு மடைக்குன்னு வந்தவன் எங்கெங்க கை வைக்கான்னு கண்டுபிடிக்கவே இத்தனை வருசம் ஆயிருக்கு. நீ ரெண்டே நாள்ல தெருவுக்கே பங்கு வச்சுட்ட. அதைத்தான் சொல்லுதேன்.

முகத்தைத் தூக்கி வச்சுக்கிடாத. ஒனக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா நீ தாராளமா தின்னு, ஒன் மடை, ஒன் உரிமை. தெருவுல குடுத்ததை எப்படித் திருப்பி வாங்குறதுன்னு ரோசிச்சியா? "வெளிநாட்டு மருந்தைத் திருப்பிக் குடு"ன்னா, அதுல தங்கம் கிங்கம் இருக்குன்னு அவுக ஒளிச்சு வச்சிருவாங்க. அதனால நான் ஒரு வேலை செஞ்சுட்டேன். காலையிலயே டீக்கடையில போயி, இந்த மாத்திரை தின்னா குடிச்சது நிக்காது, கொல்லைக்கு ஓட வைக்கும்னு ஒரு வார்த்தை போட்டேன். பாதி உண்மைதான்லே, வயித்தால போறது எழுத்துலயே இருக்கு. பத்து நிமிசத்துல டீக்கடைக்காரரே அட்டையைக் கொண்டாந்து திண்ணையில வச்சுட்டாரு. மேலவீட்டுக்காரிகிட்ட, வெடிப்புக்கு வெளக்கெண்ணெயும் செருப்பும் போதும்னு பாட்டி சொல்லிட்டா. தபால்காரர் மகன்தான் தர மாட்டேங்கான். நரை கருக்கும்னு அவன் அப்பனும் சேந்து திங்கானாம். அந்த அட்டையை வாங்குறது ஒன் பொறுப்பு, நீதான் மருத்துவம் பாத்தவன். வாத்தியாருகிட்ட நான் போகல, நீயே போ. போயி, அவரு ரத்தம் இளக்குத மாத்திரைக்குப் பரிசோதனை எப்பன்னு கேட்டு, இதுல எத்தனை தின்னாருன்னும் கேட்டு, அவரு டாக்டருக்கே போன் போட்டுச் சொல்லச் சொல்லு. அடி விழுந்தா வாங்கிக்கோ, எனக்கும் ஒன்னய அடிக்க வயசில்ல.

இந்த ஒரு அட்டையை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். திங்க இல்லலே, பயப்படாத. சாயங்காலம் ஒன் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு உரக்கடைக்குப் போவோம். அங்க கல்லாவுல கள்ள நோட்டு பாக்க ஊதா விளக்கு ஒண்ணு வச்சிருக்கான். ஒரு மாத்திரையை நுணுக்கி, வெத்தலைச் சுண்ணாம்பு தெளிஞ்ச தண்ணியில கலக்கி, அந்த விளக்குல காட்டுவோம். கிணத்துத் தண்ணியில மலக்கிருமி இருக்கான்னு பாக்குத சோதனையிலகூட இந்த நீலம்தான் பேசும். அந்தக் கிருமி சக்கரைக் கட்டை அவுத்து விட்டதும் இவன் ஒளிருவான், தண்ணி கெட்டதுன்னு அர்த்தம். பிள்ளை பாக்கட்டும். பதினோரு வயசாயிட்டு, இன்னும் நீலமா எரியுத தண்ணியைப் பாக்காம இருக்கு.

எந்திரி. மொதல்ல அத்தை வீட்டுக்குப் போயி அந்த முழு டப்பாவை வாங்கிட்டு வா. பிரிச்சிருந்தா எண்ணிப் பாத்து, எத்தனை குறையுதுன்னு எங்கிட்ட வந்து சொல்லு. அங்கன காபி குடுப்பா, குடிச்சுட்டு வா. மாத்திரையை எங்கயோ வச்சுட்டேன்னு மழுப்புவா, அரிசிப் பானையில கையை விடு. சின்னதுல இருந்தே அவ எதையும் அங்கனதான் ஒளிப்பா.